கூடவே ஓடிவரும் காலடி

"சார், உங்க கூட ஓடியார்ற புள்ள யாரு?"

பலமனேர் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் நாகபூஷணம் ஒருநாள் விடியற்காலையில் தனராஜிடம் இப்படிக் கேட்டான்.

"எந்தப் புள்ள?"

"அதான் சார், நீங்க ஒரு அடி வெச்சா அது ரெண்டு அடி வெக்குதே. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம், சத்தம் மட்டும் வந்துக்கினே கீது."

"அதுவா," என்றான் தனராஜ், முழங்கால்களில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்கியபடி. "எம் பொண்ணு."

"ஓ. பிஸ்கட்டு குடுத்தா துன்னுமா சார்?"

"துன்னாதுப்பா."

"பரவால்ல, இருக்கட்டும்," என்று நாகபூஷணம் ஒரு பிஸ்கட்டை எடுத்து பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போனான்.

சித்தூரில் தனராஜ் ஓடினால் ரோட்டில் இரண்டு பேர் ஓடும் சத்தம் கேட்கும். ஒன்று அவனுடைய ஷூ சத்தம். மற்றது, பிறக்கும்போதே இறந்துபோன அவன் மகளுடையது. தக்காளி விலை ஏறுவதையும் இறங்குவதையும் தெரிந்து வைத்திருப்பதுபோல ஊர் இதையும் தெரிந்து வைத்திருந்தது. அந்தச் சத்தம் ஒரே நாளில் காலடியாக வந்துவிடவில்லை. அவன் ஓட ஆரம்பித்த முதல் வருஷத்தில், தார் ரோட்டில் உள்ளங்கைகளும் முழங்கால்களும் தேய்கிற சத்தம்தான் பின்னால் கேட்டது. அதனால் அவன் ஓட்டம் என்று சொல்லிக்கொண்டு மெதுவாக நடந்தான். அடுத்த வருஷம் அது எழுந்து நின்றது. நாலு அடி வைத்துத் தொப்பென்று விழும். விழுந்தால் அவன் நிற்பான், எழுந்திருக்கும்வரை காத்திருப்பான், பிறகு கிளம்புவான். கூட ஓடுகிறவர்கள் அவனை முந்திக்கொண்டு போகும்போது, "பாத்து கூட்டினு வாங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவனுடைய வேகம் பயிற்சியால் கூடியதல்ல. பிள்ளை வளர வளர அவனும் வேகமானான், அவ்வளவுதான்.

திருப்பதிக்கு மஞ்சள் வேட்டி கட்டி நடந்து போகிறவர்கள்கூட அந்தச் சத்தத்துக்கு ரோட்டோரம் ஒதுங்கி வழி விடுவார்கள். திருப்பதியில் ஒருமுறை பெரிய ஓட்டப் பந்தயம் நடந்தது. முடிவுக் கோட்டில், ஓடி முடித்த நேரத்தைக் குறிக்க விரித்திருந்த மின்பாய் தனராஜ் மிதித்ததும் ஒருதரம் கூவியது. அவன் தாண்டிப்போன பிறகு, யாருமே மிதிக்காமல் இன்னொருதரம் கூவியது. பந்தயம் நடத்தினவர்கள் தங்களுக்குள் கொஞ்சம் பேசிவிட்டு அவன் கையில் இரண்டு மெடல்களைக் கொடுத்தார்கள். சித்தூரில் செருப்புக்கடை வைத்திருக்கும் அனில், கடை திறக்கும் நேரத்தில் தனராஜ் அந்தப் பக்கம் ஓடினால், காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "பாப்பாவுக்கு ஒரு சைஸ் ஏறிட்சி சார்," என்று சொல்வான். அவன் வாயிலிருந்து வந்த கணக்கு ஒருநாளும் தப்பினதில்லை.

இவ்வளவும் தெரிந்த ஊரில் ஒரே ஒருத்திக்கு மட்டும் தெரியாது. அவள் தனராஜின் மனைவி கேசியா. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். தனராஜ் எழுந்து ஷூ மாட்டும் நேரத்தில் அவள் திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். சந்திரகிரிக் கோட்டை கண்ணில் படும்போதுதான் விழிப்பாள். காலடியும் வீட்டுக்கு வருவதில்லை, தெருமுனையில் நின்றுவிடும். பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்பதைக்கூட மறைக்கத் தெரியாத ஊர், இந்த ஒன்றை மட்டும் கேசியாவின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டது.

பிள்ளை இறந்தது கேசியா வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரியில்தான். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. யார்மேலும் குற்றம் சொல்வதற்கில்லை. கேசியாவின் சிநேகிதிகளே கூட இருந்து, தங்களால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டு அழுதார்கள். கேசியா மயக்கத்தில் கிடந்தாள். அவள் கண் விழிக்கும் முன்பே வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையைத் தனராஜ் மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாடகைக் காரில் சித்தூருக்குக் கொண்டுவந்தான். வழியெல்லாம் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். பாகாலா தாண்டும்போது மழை பிடித்தது. துணியின் ஓரத்தை முகத்துக்குமேல் இழுத்துவிட்டவன், பார்க்காமல் இருக்க முடியாமல் மறுபடி விலக்கினான். மிஷன் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டின பழனி, சிலுவையில் எழுதுவதற்காகப் பிள்ளையின் பேரைக் கேட்டான். தனராஜிடம் பேர் இல்லை.

அதற்குக் காரணம் கேசியாவின் தாய்வீட்டு வழக்கம். அந்த வீட்டுப் பெண்கள், வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்குப் பேர் வைத்துவிடுவார்கள். ஆனால் யாரிடமும் சொல்லமாட்டார்கள், புருஷனிடமும் சொல்லமாட்டார்கள். ஞானஸ்நானத் தொட்டிக்குமுன் நின்று, "இந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?" என்று பாஸ்டர் கேட்கும்போதுதான் தாய் வாய்திறப்பாள். தகப்பனும் சபையாரோடு சேர்ந்து முதல்முறையாக அந்தப் பேரைக் கேட்பான். கேசியாவும் அப்படியே ஒரு பேரை வைத்திருந்தாள். அவன் எத்தனையோ முறை கெஞ்சியும் சிரித்தாளே ஒழியச் சொல்லவில்லை. தொட்டிவரைக்கும் பிள்ளை வரவில்லை; பேர் அவள் வாய்க்குள்ளேயே நின்றுபோனது. சிலுவையில் பழனி, 'தனராஜ் கேசியா இவர்களின் மகள்' என்று எழுதிவிட்டுப் போனான்.

இப்படியாக, பிள்ளையின் முகம் தகப்பனிடமும் பேர் தாயிடமும் தங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, ஆறுகிற புண்ணைக் கீறுவானேன் என்று விட்டான். வருஷங்கள் போனபின், சொந்த மகளின் பேரை இத்தனை காலம் கழித்துக் கேட்கிறோமே என்ற வெட்கம் வந்து வாயை அடைத்தது. அவளும் ஒருநாள்கூட, பிள்ளை எப்படி இருந்தது என்று அவனைக் கேட்டதில்லை. இரண்டு பேரும் சண்டை போட்டதில்லை. ஒரே தட்டில் பழத்தை நறுக்கித் தின்றார்கள், ஒருவர் துணியை ஒருவர் மடித்து வைத்தார்கள், அம்மை போட்டிருக்கும் வீட்டில் நடமாடுவதுபோலச் சத்தமில்லாமல் வாழ்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவர்களுடைய சபையில் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். முடிகிற நேரத்தில் பாஸ்டரம்மா மனோரமா ஒவ்வொருவரிடமும், "உங்க விண்ணப்பம் என்ன?" என்று கேட்டு வருவாள். மகனுக்கு விசா, மாமியாருக்குச் சர்க்கரை, சாந்திபுரத்து நிலத்து வழக்கு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள், "சொல்லாத விண்ணப்பம் ஒண்ணு இருக்குது," என்று சொன்னால் போதும். அது இன்னதென்று தெரியாமலே எல்லாரும் அதற்காகவும் ஜெபிப்பார்கள். தனராஜ் வருஷக்கணக்காக அதைத்தான் சொல்லிவந்தான். சபையார் விடாமல் ஜெபித்தார்கள். ரோடு போடுகிற ஆர் அண்ட் பி ஆபீஸில் அவனுக்குப் பதவி உயர்வு வந்தபோது, விண்ணப்பம் நிறைவேறிவிட்டது என்று நினைத்து கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையும் அவன் அதையே சொன்னதும், "அப்ப சொந்த வீடா இருக்கும்," என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஜெபிக்க ஆரம்பித்தார்கள். அவன் கடவுளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிள்ளையின் பேரைக் கேசியாவிடம் கேட்கிற தைரியம்.

இந்த வருஷம் பிள்ளை அவனைவிட வேகமாக ஓடத் தொடங்கியது. பின்னால் கேட்ட சத்தம் பக்கத்தில் வந்தது, பிறகு முன்னால் போனது. மாங்காய் லாரிகள் ஓடத் தொடங்கியிருந்த ஒரு விடியலில், அது அவனை விட்டுவிட்டு பைபாஸ் பக்கமாகப் பாய்ந்து போயிற்று. தனராஜ், "ஏய்!" என்று கத்தினான். "பாப்பா!" என்று கத்தினான். ஊரில் இருக்கிற எல்லாப் பெண்பிள்ளையும் பாப்பாதான். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? ரோட்டோரம் தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒரு சிறுமி திரும்பிப் பார்த்தாள், காலடி நிற்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட வழியில்லாததால் அவன் உயிரைக் கொடுத்து விரட்டினான். லாரிகளுக்கு முன்னால் போய் அதை வளைத்துத் திருப்பிய அதே நேரத்தில் கீழ்க்கால் எலும்பில் சுரீர் என்றது. மயிரிழைக் கீறல், ஓட்டத்தை மறந்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள் என்று சொல்லி எலும்பு டாக்டர் முழங்கால்வரை ஒரு பெரிய பூட்ஸை மாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு பிள்ளை தனியாகவே ஓடியது. நாகபூஷணம் தினமும் போன் செய்தான். "இன்னிக்கி சீக்கிரம் திரும்பிட்சி சார்," என்பான். இன்னொரு நாள், "பங்காருபாளையம் தாண்டிப் போய்ட்சாம் சார், பால் வண்டிக்காரன் சொன்னான்," என்பான். போகிற தூரம் நாளுக்கு நாள் நீண்டது. வளர்ந்த பிள்ளை, ஒருநாள் போகிற போக்கில் திரும்பாமலே போய்விடும் என்று தனராஜுக்குத் தெரிந்தது. திரும்பி வா என்று கூப்பிட அவனிடம் ஒன்றும் இல்லை.

அந்த நாட்களில்தான் மனோரமா போன் செய்தாள்.

"தம்பி, காலுதானே ஒடஞ்சிது, கை நல்லாதானே கீது? சபை ஆண்டுவிழா மலருக்கு ஒரு கதை எழுதிக்குடு. கவர்மெண்டு சர்குலர் மாதிரி எழுதிடாதே, புண்ணியமாப் போவும்."

காலுக்காக அவன் ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தான். அந்த வெள்ளிக்கிழமை கேசியாவுக்கும் ஆஃப். பூட்ஸ் காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் தாள்களோடு உட்கார்ந்தான். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அவன். எழுதப்பட்ட தமிழ் என்று அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வேதாகமத் தமிழ்தான். அதனால் அவன் கதையும் அப்படித்தான் வந்தது. ஒரு பெண்பிள்ளை ஓடுகிறாள். மலை ஏறி ஓடுகிறாள், தோப்புகளுக்கு ஊடே ஓடுகிறாள். அவள் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமென்று அவன் எத்தனை விதமாக எழுதிப் பார்த்தும் பிள்ளை திரும்பவில்லை. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்புவாள் போலிருந்தது. எஸ்தர் என்று எழுதினான். வெயிலில் தெளித்த தண்ணீர்போல மை காய்ந்து மறைந்து, தாள் வெளுத்தது. சலோமி என்று எழுதினான், அதுவும் மறைந்தது. பேனாவில் குற்றமில்லை, மற்ற எழுத்தெல்லாம் அழுத்தமாகவே நின்றது. பேர் வரவேண்டிய இடங்கள் மட்டும் விழுந்த பல்லின் சந்துபோலக் காலியாக இருந்தன.

பத்து மணி இருக்கும். கேட் திறக்காமலே காலடி வாசலைத் தாண்டி முதல்முறையாக வீட்டுக்குள் வந்தது. இவன் ஏன் வரவில்லை என்று பார்க்க வந்ததுபோல மேஜையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடியது, அறைக்குள் போய்வந்தது, பிறகு சமையலறைப் பக்கம் போயிற்று. அங்கே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கேசியாவின் கத்திச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கூடையும் கத்தியுமாக வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். காலடி அவள் நாற்காலிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"வலது காலைக் கொஞ்சம் சாச்சி வெக்குது," என்றாள். "எங்கம்மா மாதிரி."

அவள் அம்மா கிருபாபாய் அப்படித்தான் நடப்பாள். இத்தனை வருஷம் கூட ஓடிய தனராஜுக்கு அது தெரிந்ததில்லை. "ஆமா," என்றான் அவன். எத்தனை நாளாக, எங்கிருந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவள் எதையும் கேட்கவில்லை. அவள் வேலை செய்கிற இடத்தில் பிள்ளைகள் வருவதும் போவதும் தினப்படி நடக்கிற காரியம். பீன்ஸை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

"என்னா எழுதறீங்க? படிங்க, கேக்கறேன்."

அவன் படித்தான். "அக்காலத்திலே ஒரு சிறு பெண்பிள்ளை வழியிலே ஓடிக்கொண்டிருந்தாள். அவள் ஓடியும் இளைப்படையவில்லை..."

"என்னாங்க இது," என்று கேசியா சிரித்துவிட்டாள். "ஆபிரகாம் வூட்டுப் பக்கத்துல குடியிருந்த ஆளு மாதிரி எழுதிக்கினு."

"எனக்கு வர்றது அதான்."

"சரி, சரி. மேல படிங்க."

"அவளுடைய நெற்றி அவள் தாயின் நெற்றியைப்போல் அகன்றிருந்தது. அவள் தலைமயிர் ஈரமாயும் மிகுதியாயும் இருந்தது. அவளுடைய உதடுகள் பேச எத்தனிக்கிறவளைப்போல் சற்றே திறந்திருந்தன. அவளுடைய இடது காதின் நுனி உட்புறமாய் மடிந்திருந்தது..."

கத்தி நின்றுவிட்டது. அவன் நிமிர்ந்து பார்த்தான். கேசியாவின் கை தன்னுடைய இடது காதுக்குப் போயிருந்தது. அதன் நுனியும் மடிந்துதான் இருக்கும்; சின்ன வயதில் அவளைப் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லியே கேலி செய்வார்கள்.

"காது இப்பிடியா இருந்துச்சி?"

"ஆமா. ரெண்டு காதுலயும் இல்ல. எடதுல மட்டும்."

"மூஞ்சில அடி கிடி எதுனா..."

"ஒண்ணுமில்ல. தூங்கற மாதிரிதான் இருந்தா. கன்னத்துல கொஞ்சம் மாவு ஒட்டனாப்பல இருந்துச்சி, நான் தொடச்சேன்."

கேசியா அழுதாள். வருஷக்கணக்காக உள்ளே கிடந்த அழுகை; அது சத்தமில்லாமல் வந்து முந்தானையையும் மடியிலிருந்த பீன்ஸையும் நனைத்தது. தனராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அப்போது கேட்டிருக்கலாம். பேர் அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு அழுகிறவளிடம் இன்னொன்றையும் எப்படிப் பிடுங்குவது என்று நினைத்து, "தண்ணி குடி," என்று மட்டும் சொன்னான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். காலடியும் அவள் பின்னாலேயே போனது. மதியமெல்லாம் அது அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. கேசியா பாத்திரத்தை எடுக்கத் திரும்பும்போதெல்லாம், மோதிவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள்.

சாயங்காலம் ஜெபக்கூட்டம் அவர்கள் வீட்டில். தனராஜால் எங்கேயும் போக முடியாது என்பதால் மனோரமாவே அப்படி ஏற்பாடு செய்திருந்தாள். சபையார் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பாடிக்கொண்டிருக்கும்போது காலடி நடுவே குறுக்கும் நெடுக்கும் ஓடியது. பெண்கள் சேலையை இழுத்துக்கொண்டு கால்களை மடக்கினார்கள். ஒரு பெரியவர் வழியில் இருந்த தன் பாட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நல்லா வளந்துட்சி," என்று யாரோ ஒருவர் மெதுவாகச் சொன்னார். ரகசியத்தைக் காப்பாற்ற இனிமேல் தேவையில்லை என்பது எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. கேசியாவுக்குக் காபி கலக்க உதவி செய்ய இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருவருக்குப் பித்தப்பையில் கல். ஒருவர் மகளுக்கு வரன் தகையவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது, ஜன்னல் வழியாகப் பலமனேர் ரோட்டு லாரிகளின் இரைச்சல் கேட்டது. பாயைச் சுற்றிக்கொண்டிருந்த காலடி அந்த இரைச்சலுக்குக் காது கொடுப்பதுபோல ஒரு நொடி நின்றது. பிறகு வாசற்படியில் இறங்கியது. கேட்டைத் தாண்டியது. தெருவில், காலையில் ஓடுகிற அந்த நீண்ட எட்டுகளோடு, ரோட்டைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. தனராஜ் எழுந்திருக்கப் பார்த்தான். பூட்ஸ் காலில் பாரம் ஏறியதும் வலி உயிரைப் பிடுங்க, நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றான்.

"தனராஜ் தம்பி," என்றாள் மனோரமா, "உனுக்கு வழக்கம்போல சொல்லாத விண்ணப்பந்தானே?"

"இல்லக்கா," என்றான் அவன். "சொல்லிடறேன்."

ஜெபத்துக்காகக் கண்களை மூடியிருந்தவர்களெல்லாம் கண்ணைத் திறந்தார்கள். அவன் மனோரமாவைப் பார்க்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை. காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தான். தெருவில் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

"கேசியா, புள்ள ரோட்டுக்குப் போயிக்கினு கீறா. எனுக்கு ஓட முடியல, நான் கூப்பிடணும். நீ அவளுக்கு வெச்ச பேரு என்னான்னு எனுக்குச் சொல்லு."